பையனுக்கு டயட் வேண்டாம், வீட்டு மளிகைப் பட்டியலை மாற்றுங்கள்

கேள்வி: எங்கள் ஊர் திருப்பூர். கணவர் சின்னதாக பனியன் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறார், வீட்டுக்கு வர இரவு ஒன்பதரை ஆகிவிடும். எனக்கு வயது 41, உயரம் 155 செ.மீ., எடை 70 கிலோ. இரண்டு வருடம் முன்பு பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று இரண்டு வேளை சாப்பாட்டுக்குப் பதில் எடை குறைக்கும் ஷேக் குடித்து 8 கிலோ குறைத்தேன். நிறுத்தியதும் 10 கிலோ ஏறிவிட்டது. தைராய்டு நார்மல். மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.1 வந்திருக்கிறது. என்னைவிட மகனை நினைத்துத்தான் பயம். 10 வயது, 140 செ.மீ., 46 கிலோ. கடந்த வருடம் மட்டும் 5 கிலோ ஏறியிருக்கிறான். கழுத்தைச் சுற்றிக் கறுத்திருக்கிறது, பயத்தம் மாவு தேய்த்தும் போகவில்லை. இரவில் வாயைத் திறந்து குறட்டை விடுகிறான். ஸ்கூலில் கேலி செய்கிறார்கள், வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களும் அதையேதான் பேசுகிறார்கள். அத்தையோ, ‘வளர்ற பையன், உயரத்துல போயிரும்’ என்கிறார். மூத்தவள் 14 வயது, ஒல்லி. இரவில் அவனுக்கும் எனக்கும் சோறை நிறுத்திவிட்டு ஷேக் மட்டும் கொடுக்கலாமா? எங்கள் மாத மளிகைப் பட்டியலையும், பையனின் அன்றாடச் சாப்பாடு, தூக்கம், பள்ளி விவரங்களையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: முதலில் நீங்கள் கேட்டதற்கு நேரடி பதில். மகனுக்கு ஷேக் வேண்டாம், சோறை நிறுத்துவதும் வேண்டாம், இடைப்பட்ட விரதம், மாவுச்சத்தை ஏறக்குறைய நிறுத்திவிடும் கீட்டோ எதுவுமே வேண்டாம். உங்களுக்கும் ஷேக் வேண்டாம். அதற்காக அவன் எடையைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று சொல்லவில்லை. அவன் கழுத்துக் கறுப்பும் குறட்டையும் கவனிக்க வேண்டியவைதான்.

உங்கள் மாமியார் சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 10 வயதுப் பையனுக்கு பி.எம்.ஐ. (கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண்) 18.5-ஐத் தாண்டினால் கூடுதல் எடை, 21.4-ஐத் தாண்டினால் உடல் பருமன். உங்கள் மகனுக்கு 23.5 வருகிறது. பெரியவர்களுக்கான வெளிநாட்டுக் கணக்கில் பார்த்தால் இது சாதாரணமாகத் தெரியும், குழந்தைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சரி, இப்போது இரண்டு வருடம் தள்ளிப் பாருங்கள். இந்த வயதில் வருடத்துக்கு 5, 6 செ.மீ. வளர்வார்கள். 12 வயதில் அவன் 151 செ.மீ. இருப்பான் என்று வைத்துக்கொள்வோம். இப்போதுள்ள 46 கிலோவிலேயே நின்றால் பி.எம்.ஐ. 20.2 ஆகிவிடும். 12 வயதுக்குக் கூடுதல் எடைக் கோடு 19.9, அதற்கு மிக அருகில் வந்துவிடுவான். ஒரு கிலோகூடக் குறைக்காமலே! இடையில் இரண்டு கிலோ ஏறினாலும் 21-தான், அதுவும் பெரிய முன்னேற்றம். ஆனால் இப்போது போலவே வருடம் 5 கிலோ ஏறினால் 56 கிலோ, பி.எம்.ஐ. 24.6. அந்த வயதின் உடல் பருமன் கோடான 23.6-ஐத் தாண்டியே நிற்பான். ஆகவே உயரத்தில் போகும் என்பது சரி, எடை ஏறுவது நின்றால் மட்டும்.

இதனால்தான் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எடையைக் குறைப்பதைக் குறியாக வைப்பதில்லை, இருக்கும் இடத்தில் நிறுத்துகிறோம். வளரும் உடம்புக்கு எலும்புக்கும் தசைக்கும் தினமும் சாப்பாடு போய்ச் சேர வேண்டும். வயிற்றைக் கட்டினால் உயரம் வளர வேண்டிய காலத்தில் அதற்கான சரக்கு குறையும். பசியோடு படுக்கும் பையன் மறுநாள் எங்காவது பிடுங்கித் தின்னத்தான் செய்வான், தின்பதை மறைக்கவும் பழகுவான். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் மாற்றுவது எடையைவிடப் பெரிய வேலை.

அடுத்தது பேச்சு. தயவுசெய்து இன்றிலிருந்து வீட்டில் யாரும் அவன் எடையைப் பற்றிப் பேசக் கூடாது. பாசத்தில் கூப்பிடும் பட்டப்பெயரும் வேண்டாம், ‘இன்னொரு இட்லியா?’ என்ற பார்வையும் வேண்டாம். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வளரிளம் பருவத்தினரிடம் நடத்திய ஆய்வு 2013-ல் வெளியானது. பெற்றோர் எடையைப் பற்றிப் பேசிய வீடுகளில் பிள்ளைகள் பட்டினி கிடப்பதும் தவறான வழிகளில் எடை குறைக்க முயல்வதும் அதிகமாக இருந்தது. எடையை விட்டுவிட்டு நல்ல சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசிய வீடுகளில் அது குறைவாக இருந்தது. சொந்தக்காரர்கள் ஆரம்பித்தால் அவன் எதிரிலேயே, ‘அவன் உடம்பைப் பத்தி இங்க பேச வேண்டாங்க’ என்று ஒரே வார்த்தையில் நிறுத்துங்கள். வந்தவர்கள் முகம் கோணினால் கோணட்டும். அம்மா தன் பக்கம் நிற்கிறாள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிவது அதைவிட முக்கியம். பள்ளியில் நடக்கும் கேலியை வகுப்பு ஆசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், அவனைச் சமாளித்துக்கொள்ளச் சொல்லாதீர்கள்.

மகள் ஒல்லி என்பதால் அவளுக்கு மட்டும் பேக்கரிப் பண்டம், அவனுக்குச் சுண்டல் என்று பிரிக்க வேண்டாம். ஒரே சாப்பாடுதான் எல்லோருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 14 வயதுப் பெண் வீட்டில் இருக்கும்போது அம்மா சாப்பாட்டுக்குப் பதில் ஷேக் குடிப்பதையும் கண்ணாடி முன் நின்று அலுத்துக்கொள்வதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். அவள் வேளை தவறிச் சாப்பிடாமல் இருக்கிறாளா, மாதவிடாய் தள்ளிப்போகிறதா என்று கொஞ்சம் கவனியுங்கள்.

இப்போது உங்கள் மளிகைப் பட்டியல். அதை அனுப்பியதற்கு நன்றி. டயட் சார்ட் கேட்டு எழுதுபவர்கள் யாரும் இதை அனுப்புவதில்லை, ஆனால் எனக்கு வேண்டியது இதுதான். ஐந்து பேருக்கு மாதம் 7 லிட்டர் எண்ணெய், 5 கிலோ சர்க்கரை.

எண்ணெயைப் பிரித்துப் பார்த்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 42 கிராம் வருகிறது, கிட்டத்தட்ட 380 கலோரி. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் 2000 கலோரி சாப்பாட்டுக்கு 27 கிராம் எண்ணெய் காட்டியிருக்கிறார்கள். அந்த அளவில் உங்கள் வீட்டுக்கு மாதம் நாலரை லிட்டர் போதும். உடனே அவ்வளவு இறங்க வேண்டாம். அடுத்த மாதம் 6, அதற்கடுத்த மாதம் 5 என்று வாங்குங்கள். 5 லிட்டருக்கு வந்தாலே ஆளுக்கு தினம் 100 கலோரிக்கு மேல் குறையும், தட்டில் யாருக்கும் எதுவும் குறைந்ததாகத் தெரியாது. எண்ணெயைக் கேனிலிருந்து அப்படியே வாணலியில் ஊற்றாமல் ஸ்பூனால் எடுத்து ஊற்றுவது, தோசைக் கல்லுக்கு வெங்காயத்தைத் தொட்டுத் தேய்ப்பது, அப்பளத்தைச் சுடுவது, இவ்வளவுதான் வேலை. எந்த எண்ணெய் நல்லது என்று எல்லோரும் கேட்கிறார்கள். செக்கு எண்ணெயாக இருந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான்.

சர்க்கரை ஆளுக்கு 33 கிராம். இதில் பிஸ்கட்டும் பானப் பொடியும் பேக்கரிப் பண்டமும் சேரவில்லை. 2000 கலோரியில் 5 சதவீதத்துக்குள், அதாவது 25 கிராமுக்குள், வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரை இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. உங்கள் மகன் தினம் இரண்டு டம்ளர் பாலில் ஊட்டச்சத்துப் பொடியும் போட்டு மேலே சர்க்கரையும் போட்டுக் குடிக்கிறான். அந்தப் பொடி டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள், 100 கிராமில் சர்க்கரை எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே இணைய விற்பனைத் தளங்களுக்கு, இப்படிப்பட்ட பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ பிரிவில் வைக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. பாலை நிறுத்த வேண்டாம். பொடியை மட்டும் மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வெறும் பாலுக்குக் கொண்டுவாருங்கள். 250 மி.லி. கோலா பாட்டிலில் சுமார் 26 கிராம் சர்க்கரை இருக்கிறது, அதை வீட்டுக்குள் வாங்கிவைக்காமல் இருப்பதே போதும். கல்யாண வீட்டில் குடித்தால் குடிக்கட்டும், அங்கே போய்ப் பிடுங்காதீர்கள்.

சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை வாங்கினால் கணக்கு மாறாது, தேனும் அப்படித்தான். சிறுதானியமும் எடை குறைக்கும் மருந்தல்ல. சாமையிலும் தினையிலும் தீட்டிய அரிசியைவிட நார்ச்சத்து கூடுதல், அதனால் வயிறு நிறைந்த உணர்வு நீடிக்கும், அதற்காகச் சாப்பிடலாம். கலோரி அரிசிக்குப் பக்கத்தில்தான். கொள்ளும் கொழுப்பைக் கரைக்காது. ஆனால் அது அருமையான புரதம், உங்கள் ஊரில் கொள்ளுப் பருப்பு செய்யாத வீடு உண்டா? வாரம் இரண்டு முறை தாராளமாகச் செய்யுங்கள்.

உங்கள் வீட்டுத் தட்டில் எனக்குக் குறையாகத் தெரிவது பருப்பும் காயும்தான். ஐந்து பேருக்கு மாதம் இரண்டு கிலோ பருப்பு வாங்குகிறீர்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 13 கிராம் வருகிறது. முன்னே சொன்ன அதே வழிகாட்டி 85 கிராம் பருப்பு வகை, 400 கிராம் காய்கறி என்கிறது. 400 கிராம் காய் என்றால் மலைப்பாக இருக்கும், இப்போது சாப்பிடுவதைப்போல் இரண்டு மடங்கு என்று ஆரம்பியுங்கள். மகன் காலையில் ஆறு இட்லி தேங்காய்ச் சட்னியோடு சாப்பிடுகிறான், பதினொரு மணிக்கே பசி என்கிறான். அதே இடத்தில் நாலு இட்லி, கெட்டியான சாம்பார், ஒரு அவித்த முட்டை என்று வைத்துப் பாருங்கள். அரிசியும் பருப்பும் சாதம் செய்யும் நாளில் பருப்பைக் கூட்டி அரிசியைக் குறையுங்கள், பக்கத்தில் பொரியலைச் சோற்றுக்குச் சமமாக வையுங்கள். எல்லோருக்கும் வைக்கிற மாதிரி அவனுக்கும் வைத்துவிட்டு விட்டுவிடுங்கள். எலின் சாட்டர் என்ற அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர் ஒரு வழிமுறை சொன்னார். எதை, எப்போது, எங்கே சாப்பிடுவது என்பது பெற்றோர் பொறுப்பு. அதில் எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. இதை நான் முழுமனதோடு நம்புகிறேன். அவன் இன்னொரு இட்லி கேட்டால் கொடுங்கள். மெதுவாக, டி.வி.யும் போனும் இல்லாமல் சாப்பிட வைத்தால் தன் வயிறு சொல்வது அவனுக்கே கேட்கும்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிய பிரச்சினையாகப் பட்டது மாலை நேரம். நாலரை மணிக்குப் பள்ளி விட்டு வருகிறான், பப்ஸோ பிஸ்கட்டோ தின்றுவிட்டு ஐந்தரைக்கு டியூஷன், ஏழரைக்குத் திரும்புகிறான், அப்பா வரும்வரை ஏதாவது கொறித்துக்கொண்டு இருக்கிறான், பத்து மணிக்கு அவரோடு மறுபடி முழுச் சாப்பாடு, வாரம் இரண்டு நாள் கடைப் பரோட்டா. பதினொன்றுக்குப் படுத்து ஆறே காலுக்கு எழுகிறான். இதில் அவன் தப்பு ஒன்றுமில்லை. நாலரை மணிக்கு அந்த வயதில் வருவது நிஜப் பசி, அதற்கு நிஜச் சாப்பாடு கொடுங்கள்: இரண்டு தோசை சாம்பாரோடு, அல்லது பச்சைப்பயறு சுண்டலும் ஒரு வாழைப்பழமும், அல்லது அவித்த நிலக்கடலையும் மோரும். எட்டு மணிக்கு இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடும் ஆசை இருக்கும், அது நல்ல ஆசைதான். ஞாயிறு மூன்று வேளையும் சேர்ந்து சாப்பிடட்டும், மற்ற நாளில் காலையில் அவன் பள்ளிக்குக் கிளம்பும் முன் அவர் கால் மணி நேரம் அவனோடு பேசட்டும்.

ஒன்பதே காலுக்குப் படுத்தால்தான் அவனுக்கு ஒன்பது மணி நேரத் தூக்கம் கிடைக்கும். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது பரிந்துரை, அவன் இப்போது ஏழேகால் மணி நேரம்தான் தூங்குகிறான். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும், இனிப்பின் மேல் நாட்டம் கூடும், ஓடி விளையாடத் தெம்பு இருக்காது. டியூஷன் ஐந்து நாளும் அவசியமா என்று வீட்டில் பேசுங்கள். ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு மதிப்பெண்ணைவிடத் தூக்கமும் விளையாட்டும் அவசியம் என்பது என் உறுதியான கருத்து.

விளையாட்டு தினம் ஒரு மணி நேரம். ஜிம்மோ டிரெட்மில்லோ வேண்டாம். ‘எடை குறைய ஓடு’ என்று சொன்ன மாத்திரத்தில் அது தண்டனையாகிவிடும். எது பிடிக்கும் என்று அவனிடமே கேளுங்கள்: சைக்கிள், நீச்சல், சிலம்பம், தெருவில் கிரிக்கெட், எதுவானாலும் சரி. ஓடும்போது மூச்சு வாங்குவதால் வெட்கப்படும் பிள்ளைகளுக்கு நீச்சலும் சிலம்பமும் நன்றாக ஒத்துவருவதைப் பார்த்திருக்கிறேன், அங்கே யாரும் யாரையும் துரத்துவதில்லை. பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். இன்னும் நாலு பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு போய்த் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்.

இனி உங்களைப் பற்றி. முதலில், இது உங்கள் சோம்பேறித்தனமல்ல. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கூடுதல் எடையுள்ள பெண்கள் 2015-16-ல் 30.9 சதவீதம், 2019-21-ல் 40.4 சதவீதம். ஐந்தே வருடத்தில் இத்தனை பெண்களுக்கு மனக்கட்டுப்பாடு குறைந்துபோயிருக்காது, சுற்றியுள்ள வாழ்க்கைதான் மாறியிருக்கிறது.

ஷேக் குடித்தபோது முதல் வாரங்களில் வேகமாகக் குறைந்ததில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பில் சேமித்துள்ள மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும், அது கரையும்போது தண்ணீரும் போகும். அப்புறம் கொழுப்போடு தசையும் கரைந்திருக்கும். திரும்பி ஏறியபோது ஏறியது பெரும்பாலும் கொழுப்பு. எடை வேகமாக இறங்கினால் உடம்பு அதைப் பஞ்சமாக எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டும், செலவைக் குறைக்கும். நீங்கள் தோற்கவில்லை, அந்த முறைதான் நிலைக்காத முறை.

உங்கள் பி.எம்.ஐ. 29. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் கூடுதல் எடை, 25-க்கு மேல் உடல் பருமன் என்று 2009-ல் இந்திய மருத்துவர்கள் கூடி வகுத்த அளவைத்தான் நாங்கள் பின்பற்றுகிறோம். வெளிநாட்டு அளவைவிட இது ஏன் குறைவு என்பதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் பிரிட்டனின் டாக்டர் யட்கினும் 2004-ல் தங்கள் இருவர் படத்தையும் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம்மவர்களுக்குக் கொழுப்பு வயிற்றில்தான் சேரும். எனவே எடை மெஷினோடு ஒரு இஞ்ச் டேப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள், உங்கள் கணவருக்கு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை அளந்தால் போதும், தினம் காலையில் மெஷினில் ஏறி மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் இலக்கு 55 கிலோ அல்ல. ஆறு மாதத்தில் மூன்றரை கிலோ குறைந்தால், அது உங்கள் எடையில் 5 சதவீதம், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அதற்கே இறங்கத் தொடங்கும். மேலே சொன்ன சமையலறை மாற்றங்களோடு தினம் அரை மணி நேரம் வேக நடை, வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து எழுவது, சுவரைத் தள்ளுவது போன்ற தசைப் பயிற்சி, அவ்வளவுதான் நான் கேட்பது. 6.1 என்பது நீரிழிவுக்கு முந்தைய நிலை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. மூன்று வருடத்தில், தனி ஆலோசனை எதுவும் பெறாதவர்களில் 55 சதவீதம் பேர் நீரிழிவுக்குப் போனார்கள். சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களில் 39 சதவீதம் பேர்தான். மாற்றியவர்களுக்கு எடை பெரிதாக மாறவே இல்லை! எனவே இரண்டு மாதம் மெஷின் முள் அசையாவிட்டாலும் நடையை விட்டுவிடாதீர்கள், உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கும்.

இப்போது பரவலாகப் பேசப்படும் எடை குறைக்கும் ஊசிகள் நல்ல மருந்துகள்தான், தேவைப்படுபவர்களுக்கு. நிறுத்தினால் குறைந்ததில் பெரும்பகுதி திரும்பி ஏறும் என்பதால், அது மருத்துவரோடு நிதானமாகப் பேசி எடுக்க வேண்டிய முடிவு. உங்களுக்கு முதலில் ஆறு மாதம் இந்த வழி.

கடைசியாக, இந்த மாதத்துக்குள் மகனை ஒரு குழந்தைகள் நல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். கழுத்துக் கறுப்பு அழுக்கல்ல, தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள், தோல்தான் புண்ணாகும். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது, எடை ஏறுவது நின்றால் மெல்ல மங்கும். வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, கொழுப்பு, கல்லீரல் நொதி, இவற்றுக்கான ரத்தப் பரிசோதனையும் இரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். குறட்டையையும் சொல்லுங்கள், டான்சிலோ, மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு சதையோ வீங்கியிருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புவார். ஹார்மோன் கோளாறாக இருக்குமோ என்ற பயம் வேண்டாம். அப்படியிருந்தால் பெரும்பாலும் உயரம் தடைபடும், உங்கள் மகன் வயதுக்குச் சற்று உயரமாகவே இருக்கிறான். மருத்துவரிடம் எடையைப் பேசும் நேரத்தில் அவனை வெளியே அக்காவோடு உட்காரவைக்க முடிந்தால் நல்லது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரமும் எடையும் எடுத்து வளர்ச்சி அட்டவணையில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். யாராவது அவனுக்கு 1000 கலோரி என்று அச்சடித்த டயட் சார்ட்டைக் கையில் கொடுத்தால் அதைப் பின்பற்றாமல் வேறொரு மருத்துவரைப் பாருங்கள். பரிசோதனை முடிவு வந்ததும், அடுத்த மாத மளிகைப் பட்டியலோடு எனக்கு எழுதுங்கள்.